இடப்பக்கம் இழுக்கிற வண்டி

வண்டியில் ஒரு கோளாறும் இல்லை என்று சொன்னது நான்தான். அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

நான் மெக்கானிக். இருபத்தாறு வருஷமாகச் சொந்த ஷெட். எனக்குக் கோபம் மூக்கின் மேல் இருக்கிறது என்று என் மனைவி எல்லோரிடமும் சொல்வாள். அது பொய். மூக்கில் தங்குவதற்கு அதற்கு நேரம் ஏது, நேராக வாய்க்கே வந்துவிடும்.

வண்டி என் மாமாவுடையது. மாமா என்றால் என் மனைவியின் அப்பா. முப்பத்திரண்டு வருஷம் பஸ் ஓட்டியவர். இத்தனை வருஷத்தில் ஒரு கண்ணாடியைக்கூட உடைத்ததில்லை. கம்பெனியில் கொடுத்த பாராட்டுப் பத்திரத்தை ஃபிரேம் போட்டு, உள்ளே வருகிறவர்கள் கண்ணில் முதலில் படுகிற இடமாகப் பார்த்து மாட்டியிருக்கிறார். ஓட்டத் தெரிந்தவனுக்கு ரிப்பேரும் தெரியும் என்பது அவர் கட்சி. நான் எந்த வேலையைத் தொட்டாலும் கையைப் பின்னால் கட்டிக்கொண்டு பக்கத்தில் வந்து நின்றுவிடுவார்.

"மாப்பிள்ளை, அந்த நட்டு இன்னும் அரைச் சுத்து போகும்போல இருக்கே?"

மரியாதையில் ஒரு குறையும் வைக்க மாட்டார். 'வாங்க', 'உட்காருங்க', 'மாப்பிள்ளை' எல்லாம் அந்தந்த இடத்தில் சரியாக வந்துவிடும். அந்த மரியாதைக்குள் வைத்துத்தான் குத்துவார். "உங்க மாப்பிள்ளை நல்ல மெக்கானிக்காமே?" என்று யாராவது கேட்டால், "ஆமா ஆமா, நான் பக்கத்துல நின்னா நல்லாவே செய்வாரு" என்பார். கல்யாணமாகி இருபத்து நாலு வருஷம். இதைக் கேட்டுக் கேட்டு என் காது புளித்துவிட்டது.

இரண்டு மாதத்துக்கு முன்னால் அவர் வண்டிக்கு முன் சக்கரங்களின் பிரேக் பேட் தேய்ந்துபோயிருந்தது. ஷெட்டுக்குக் கொண்டு வாருங்கள் என்றேன்.

"இதுக்குப் போயி அவ்வளவு தூரமா? வீட்டுலயே மாத்திடலாமே மாப்பிள்ளை. நானும் கூட இருக்கேன்."

அந்த 'நானும் கூட இருக்கேன்' இருக்கிறதே, அதைக் கேட்டாலே எனக்கு வயிறு எரியும். ஆனாலும் ஒரு ஞாயிற்றுக்கிழமை பெட்டியைத் தூக்கிக்கொண்டு போனேன். அவர் வீட்டு வாசலில் வண்டியை நிறுத்தி, இடது சக்கரத்தைக் கழற்றினேன். பேடைத் தாங்கியிருக்கும் காலிப்பரைக் கழற்றினால்தான் பேடை உருவ முடியும். காலிப்பர் என்பது கனமான இரும்பு. பிரேக் ஆயில் வருகிற ரப்பர் ஓஸ் ஒன்று அதோடு சேர்ந்தே இருக்கும். நான் காலிப்பரைக் கழற்றியதும் மாமா குனிந்து பார்த்தார்.

"மாப்பிள்ளை, அதைக் கம்பியில கட்டித் தொங்கவிடுங்களேன். ஓஸு இழுபடுது பாருங்க."

"ரெண்டு நிமிஷ வேலை மாமா. எனக்குத் தெரியும்."

"தெரியாதுன்னு நான் சொல்லலையே. கட்டிட்டா நல்லதுன்னு..."

"மாமா, நீங்க போய் உட்காருங்க. தண்ணி வேணும்னா கேக்கறேன்."

அவர் உட்காரவில்லை. நானும் கட்டவில்லை. இடது பக்கம் முடிகிற சமயத்தில் அத்தை உள்ளேயிருந்து, குழாய் ஒழுகுகிறது என்று அவரைக் கூப்பிட்டார்கள். அவர் போனதும்தான் எனக்கு மூச்சு வந்தது. மீதி வேலையை நிம்மதியாக முடித்துவிட்டு வீட்டுக்கு வந்து, அவர் சொன்ன ஒவ்வொன்றையும் என் மனைவியிடம் ஒப்பித்துப் புலம்பினேன். அவள் தலையாட்டிக்கொண்டே துணி மடித்தாள்.

இரண்டு வாரம் கழித்து மாமா போன் செய்தார்.

"மாப்பிள்ளை, வண்டி இடப்பக்கம் இழுக்குது."

"ரோடே இடப்பக்கம் சரிஞ்சுதான் மாமா இருக்கும், தண்ணி வடியறதுக்காக."

"முப்பத்திரண்டு வருஷம் அதே ரோட்டுலதான் மாப்பிள்ளை ஓட்டினேன். இது ரோடு இல்ல. கொஞ்ச தூரம் போனாத்தான் இழுக்குது. முதல்ல ஒண்ணும் தெரியறதில்ல."

ஷெட்டுக்குக் கொண்டு வரச் சொன்னேன். வந்ததும் டீ சொல்லிவிட்டு மாமாவை உட்கார வைத்தேன். டயர்களில் காற்று பார்த்தேன், சரியாக இருந்தது. அவர் டீ குடித்து முடித்ததும் நான் ஏறி, எங்கள் தெருவை இரண்டு சுற்றுச் சுற்றி வந்தேன். ரயில் தண்டவாளத்தில் போகிற மாதிரி நேராகப் போனது. அவர் ஆவலாக எழுந்து வந்தார்.

"என்ன மாப்பிள்ளை, இழுக்குதா?"

இருபத்து நாலு வருஷத்தில் அவரை மடக்குவதற்கு எனக்குக் கிடைத்த முதல் சந்தர்ப்பம் அது. நான் விடவில்லை.

"வண்டியில ஒண்ணும் இல்ல மாமா. கையைப் பாருங்க. எழுபது வயசாகப் போகுதில்ல?"

ஷெட்டில் இருந்த இரண்டு பேர் சிரித்தார்கள். மாமாவும் சிரித்தார். சாவியை வாங்கிக்கொண்டு போய்விட்டார்.

அத்தைக்கு மூட்டு வலி. வாரத்துக்கு இரண்டு முறை ஊரின் அந்தக் கோடியில் இருக்கிற பிசியோதெரபி நிலையத்துக்குப் போக வேண்டும். போக இருபது கிலோமீட்டர். வழியெல்லாம் சிக்னல். இதற்காகத்தான் மாமா வண்டியையே வைத்திருந்தார். ஒரு நாள் திரும்பி வரும்போது, முன்னால் போன ஆட்டோ சட்டென்று நிற்க, மாமா பிரேக்கை மிதித்திருக்கிறார். வண்டி இடப்பக்கம் பாய்ந்து விளக்குக் கம்பத்தில் மோதியது. இடது விளக்கும் பக்கக் கண்ணாடியும் போயின. அத்தை இடப்பக்க சீட்டில் உட்கார்ந்திருந்தார்கள். அவர்களுக்கு மணிக்கட்டில் சுளுக்கு, கட்டுப் போட்டார்கள். கடவுள் புண்ணியத்தில் அதோடு போயிற்று.

அன்று சாயங்காலம் எல்லோரும் மாமா வீட்டில் கூடினோம். என் மைத்துனனும் வந்தான். அவன் ஒரு பெரிய ஆபீசில் மேனேஜர். வீட்டிலும் மேனேஜர்தான். நான் அவனை அப்படித்தான் கூப்பிடுவேன். அவன் கோபித்துக்கொள்ள மாட்டான், அதைப் பட்டமாகவே எடுத்துக்கொண்டுவிட்டான்.

"அப்பா, வண்டி எப்படி இடது பக்கம் போச்சு?" என்று அவன் கேட்டான்.

"இழுத்துச்சுப்பா" என்றார் மாமா.

மேனேஜர் என்னைப் பார்த்தான். "அத்தான், நீங்க செக் பண்ணீங்கல்ல?"

"பண்ணேன். ஒண்ணும் இல்ல" என்றேன்.

அவ்வளவுதான். அந்த ஒரு வார்த்தையோடு முடிந்துவிட்டது. கண் பரிசோதனை செய்தார்கள், கண் நன்றாக இருந்தது. உடம்பு ஒரு பக்கமாகச் சாய்ந்தால் மூளையில் ஏதாவது இருக்கலாம் என்று மேனேஜர் போனில் படித்துவிட்டு ஸ்கேன் எடுக்கவைத்தான். ஸ்கேனிலும் ஒன்றும் இல்லை. ஒன்றும் இல்லை என்றால் வயசுதான் என்று முடிவு கட்டினார்கள். மாமாவின் லைசென்ஸ் செவ்வாய்க்கிழமையோடு முடிகிறது. அதைப் புதுப்பிக்க வேண்டாம், வண்டியைக் கொடுத்துவிடலாம் என்று மேனேஜர் சொன்னான். அதற்கு இரண்டு நாள் முன்னால், ஞாயிற்றுக்கிழமை காலை பத்து மணிக்கு வாங்குகிறவர் வருவதாகவும் ஏற்பாடு செய்துவிட்டான்.

மாமா ஒரு வார்த்தை எதிர்த்துப் பேசவில்லை. என்னைப் பார்த்து, "நீங்க சொன்னா சரியாத்தான் இருக்கும் மாப்பிள்ளை" என்றார். இதில் குத்தல் இருக்கிறதா என்று நான் தேடிப் பார்த்தேன். இல்லை. நிஜமாகவே சொன்னார்.

அதற்குப் பிறகு அவர் என்னிடம் எதற்கும் குறுக்கே பேசுவதில்லை. அவர்கள் வீட்டு மோட்டாரைச் சரி பார்க்கப் போனேன். பக்கத்தில் வந்து நிற்கவே இல்லை. எனக்குச் சந்தோஷமாக இருந்தது என்பதை மறைப்பானேன்? அப்பாடா என்று இருந்தது. கை கழுவ உள்ளே போனபோதுதான் அதைப் பார்த்தேன். ஹாலில் அலமாரிக் கண்ணாடி முன்னால் மாமா கண்ணை மூடிக்கொண்டு, இரண்டு கைகளையும் முன்னால் நீட்டிக்கொண்டு நின்றார். கொஞ்ச நேரம் கழித்துக் கண்ணைத் திறந்து, இடது கை கீழே இறங்கியிருக்கிறதா என்று பார்த்தார். மறுபடி கண்ணை மூடினார். ஏதோ உடற்பயிற்சி செய்கிறார் என்று நினைத்தபடி நான் வந்துவிட்டேன்.

சனிக்கிழமை காலை வண்டியை எடுக்கப் போனேன். விளக்கையும் பக்கக் கண்ணாடியையும் மாற்றி, துடைத்து, விற்பனைக்குத் தயார் செய்ய வேண்டியது என் வேலை. சாவியை அத்தைதான் கொடுத்தார்கள். மாமா ஜன்னல் பக்கம் பேப்பரை விரித்து வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். வாசல் வரை வரவில்லை.

அவர் வீட்டிலிருந்து என் ஷெட் பதினெட்டு கிலோமீட்டர். முதல் பத்து கிலோமீட்டர் வரை நான் வேறு ஏதோ யோசனையில் இருந்தேன். ஏழெட்டு சிக்னலில் நின்று நின்று போனேன். மேம்பாலத்தைத் தாண்டியதும் வண்டி இடப்பக்கம் ஒதுங்கியது. ஸ்டியரிங்கை வலப்பக்கம் பிடித்தேன். விட்டால் மறுபடி ஒதுங்கியது. எனக்குத் தூக்கி வாரிப் போட்டது.

கம்பத்தில் மோதியதில் ஏதாவது வளைந்திருக்கும் என்று எனக்கு நானே சமாதானம் சொல்லிக்கொண்டேன். இடிபட்ட வண்டி இழுக்கத்தானே செய்யும்? ஷெட்டுக்கு வந்ததும் முதலில் விளக்கையும் கண்ணாடியையும் மாற்றினேன். பிறகு டயரில் காற்று பார்த்தேன், சரி. முன் டயர்கள் இரண்டையும் பக்கம் மாற்றிப் போட்டேன். டயர்தான் குற்றவாளி என்றால் இப்போது வண்டி வலப்பக்கம் இழுக்க வேண்டும். தெருவை இரண்டு சுற்றுச் சுற்றினேன். வலப்பக்கமும் இழுக்கவில்லை, இடப்பக்கமும் இழுக்கவில்லை. நேராகப் போனது. பக்கத்துத் தெருவில் அலைன்மென்ட் பார்க்கிற மெஷினில் ஏற்றினேன். சக்கரங்கள் இருக்க வேண்டிய கோணத்தில்தான் இருந்தன. எதுவும் வளையவில்லை.

"நல்ல வண்டியைக் கொண்டாந்து ஏன்யா என் நேரத்தை வீணாக்குறே?" என்றார் மெஷின்காரர்.

எனக்குச் சுர்ரென்று வந்தது. நான் என்ன கனவா கண்டேன்? கையில் உணர்ந்தேனே! வண்டியை எடுத்துக்கொண்டு ஷெட்டுக்கு வந்து, பானெட்டின் மேல் சாய்ந்து நின்றேன். அப்போதுதான் மாமா போனில் சொன்னது ஞாபகம் வந்தது. கொஞ்ச தூரம் போனாத்தான் இழுக்குது. முதல்ல ஒண்ணும் தெரியறதில்ல.

எழுத்துக்கு எழுத்து சரியாகச் சொல்லியிருக்கிறார் மனுஷன். டாக்டரிடம் போகிற நோயாளிகூட இவ்வளவு தெளிவாகச் சொல்ல மாட்டான். நான் அதைக் காதிலேயே போட்டுக்கொள்ளவில்லை.

மறுபடி கிளம்பினேன். இந்த முறை வேண்டுமென்றே நெரிசலான ரோடாகப் பார்த்துப் போனேன். பிரேக்கை மிதித்து மிதித்து ஓட்டினேன். ஒன்பதாவது கிலோமீட்டரில் ஆரம்பித்தது. முதலில் லேசாக, பிறகு நன்றாக. ஓரமாக நிறுத்தி இறங்கி, வலது முன் சக்கரத்துப் பக்கத்தில் கையைக் கொண்டு போனேன். வெதுவெதுப்பு. சுற்றிவந்து இடது சக்கரத்துப் பக்கம் கொண்டு போனேன். தொடவே முடியவில்லை, அனல் அடித்தது. தீய்ந்த வாசனையும் வந்தது.

இடது பிரேக் பிடித்துக்கொண்டிருந்தது. காலை எடுத்த பிறகும் விடாமல் கவ்விக்கொண்டிருந்தது. ஒரு பக்கம் மட்டும் பிரேக் பிடித்தால் வண்டி அந்தப் பக்கம்தானே போகும்? இதில் மாமாவின் கைக்கு என்ன வேலை?

ஜாக்கி போட்டு அங்கேயே தூக்கினேன். இடது சக்கரத்தைக் கையால் சுற்றிப் பார்த்தேன், அசையவில்லை. ஆயிலில் சேர்ந்த காற்றை வெளியேற்ற, அதாவது ஏர் எடுக்க, காலிப்பரில் ஒரு திருகு உண்டு. அதை லேசாகத் தளர்த்தியதும் பிரேக் ஆயில் பீய்ச்சியடித்தது. உடனே சக்கரம் சுற்றியது. அப்படியென்றால் காலிப்பர் இறுகிப் போகவில்லை. மிதித்தபோது உள்ளே போன ஆயில் திரும்பி வர வழியில்லாமல் மாட்டிக்கொண்டிருக்கிறது. திருகை இறுக்கிவிட்டு, பெடலை இரண்டு தடவை மிதித்து மறுபடி மாட்டவைத்தேன். இப்போது ஓஸுக்கு மேலே, இரும்புக் குழாய் சேருகிற இடத்தைத் தளர்த்தினேன். சொட்டுத்தான் வந்தது. சக்கரம் விடவில்லை. அடைப்பு அந்த ஒரு முழம்கூட இல்லாத ஓஸுக்குள்தான் இருந்தது.

எல்லாவற்றையும் இறுக்கிவிட்டு, வண்டி ஆறின பிறகு மெதுவாக ஓட்டிக்கொண்டு ஷெட்டுக்கு வந்து ஓஸைக் கழற்றினேன். வெளியே பார்த்தால் புதுசுபோல இருந்தது. பிளேடால் நீளவாக்கில் கிழித்தேன். காலிப்பர் பக்கத்து முனையில் உள்ரப்பர் கிழிந்து, நாக்குமாதிரி ஒரு துண்டு தொங்கியது. ஆயில் உள்ளே போகும்போது வழி விடும். திரும்பும்போது அந்த நாக்கு மூடிக்கொள்ளும். ஆறிப்போனால் மெல்ல மெல்லக் கசிந்து, தானே சரியாகிவிடும். தெருவை இரண்டு சுற்றுச் சுற்றுகிற அவசரக்குடுக்கைக்கு ஒன்றும் தெரியாது.

ரப்பர் பழசாகிப் போயிருக்கும் என்று முதலில் நினைத்தேன். நினைக்க விரும்பினேன் என்றுதான் சொல்ல வேண்டும். வலது பக்கத்து ஓஸையும் கழற்றிக் கிழித்தேன். அதே வயசு, அதே ரப்பர். உள்ளே வழவழவென்று இருந்தது. ஒரு கீறல்கூட இல்லை.

நான் அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டேன். ஏனென்றால் இரண்டுக்கும் என்ன வித்தியாசம் என்று இந்த உலகத்தில் எனக்கு மட்டும்தான் தெரியும்.

காலிப்பரைக் கம்பியில் கட்டித் தொங்கவிட வேண்டும் என்பது இந்தத் தொழிலில் அரிச்சுவடி. ஓஸின் மேல் அந்தக் கனம் விழக் கூடாது. என் ஷெட்டில் எவனாவது கட்டாமல் விட்டால் அவன் பரம்பரையையே இழுத்துத் திட்டுவேன். அன்றைக்கு மாமா வீட்டிலும் கம்பி என் பாக்கெட்டில்தான் இருந்தது. எடுப்பதற்குக் கை போய்விட்டது. அவர் சொன்னார் பாருங்கள், அதனால் எடுக்கவில்லை. இரண்டு நிமிஷ வேலை என்று சொன்னது, பேடைக் கோத்திருக்கும் ஆணி ஒன்று துருப்பிடித்து மாட்டிக்கொண்டதால் முக்கால் மணி நேரம் ஆனது. அவ்வளவு நேரமும் அந்த இரும்பு ஓஸில் முறுக்கிக்கொண்டு தொங்கியது. பிறகு மாமா உள்ளே போனார். வலது பக்கத்தை ஆரம்பித்ததும் முதல் வேலையாகக் கம்பியை எடுத்து ஒழுங்காகக் கட்டினேன். பார்க்கத்தான் யாரும் இல்லையே!

நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம்போல இருந்தது. அவர் மேல் இருந்த வீம்பில் ஓஸைக் கெடுத்தேன். பிறகு கையைப் பாருங்கள் என்றேன். அத்தையின் கட்டுப் போட்ட மணிக்கட்டும், அலமாரிக் கண்ணாடி முன்னால் கையை நீட்டிக்கொண்டு நின்ற மனுஷரும் கண் முன்னால் வந்தார்கள். உடற்பயிற்சியாம்! அவர் தன் கையைச் சோதித்துப் பார்த்துக்கொண்டிருந்தார். நான் சொன்னதை நம்பிவிட்டார்.

இரண்டு பக்கத்துக்கும் புது ஓஸ் வாங்கி மாட்டினேன். கருகிப்போன பேடையும் மாற்றினேன். அப்போது ஒரு யோசனை வந்ததை மறைக்கவில்லை. வண்டி சரியாகிவிட்டது. நாளைக்கு யாரோ வாங்கிக்கொண்டு போகப் போகிறார். நான் வாயைத் திறக்காவிட்டால் யாருக்கும் எதுவும் தெரியாது. அப்படியே திறந்தாலும் 'ரப்பர் பழசு' என்று இரண்டே வார்த்தையில் முடித்துவிடலாம். இந்த யோசனையோடு நான் கை கழுவிக்கொண்டிருந்தபோது, அம்மா வீட்டுக்குப் போயிருந்த என் மனைவி போன் செய்தாள். குரல் கம்மியிருந்தது.

"அப்பா லைசென்ஸை என் கையில கொடுத்துட்டாருங்க. யாரும் கேக்கல. அவரா வந்து கொடுத்தாரு. 'இது எங்கிட்ட இருந்தா ஓட்டணும்னு ஆசை வரும்மா, நீயே வெச்சுக்கோ'ன்னாரு."

"காலையில வரேன்" என்று மட்டும் சொல்லி வைத்துவிட்டேன்.

ஞாயிறு காலை ஒன்பது மணிக்கே போய்விட்டேன். வண்டியை வாசலில் நிறுத்தினேன். மேனேஜர் கையில் ஃபைலோடு தயாராக நின்றான்.

"பளபளன்னு இருக்கே அத்தான். சூப்பர். அவர் பத்து மணிக்கு வந்துடுவாரு."

"வர வேண்டாம்னு சொல்லிடு."

"என்னது?"

"வண்டி கொடுக்கறதா இல்லைன்னு சொல்லு. மாமா எங்கே?"

மாமா ஹாலில் அதே ஜன்னல் பக்கம் இருந்தார். அத்தையும் என் மனைவியும் சமையலறையிலிருந்து வந்தார்கள். சட்டைப் பையிலிருந்து கிழித்த ஓஸ் இரண்டையும் எடுத்து மேஜை மேல் வைத்தேன்.

"மாமா, வண்டி இழுத்தது நிஜம். உங்க கை இல்ல. இடது பிரேக் விடாமப் பிடிச்சிருக்கு. இந்த ஓஸு உள்ளுக்குள்ள கிழிஞ்சிருக்கு பாருங்க. நீங்க சொன்ன மாதிரி, கொஞ்ச தூரம் போய் சூடானப்புறம்தான் காட்டுது."

மாமா எழுந்து வந்தார். ஓஸைக் கையில் எடுக்கவில்லை. குனிந்து பார்த்தார்.

மேனேஜர் என் தோளைத் தட்டினான். அவன் நல்லவன், நான் தப்பிக்க அவனே வழியும் காட்டினான். "சரி விடுங்க அத்தான். எட்டு வருஷ வண்டி. ரப்பர்தானே, என்னைக்கிருந்தாலும் போகத்தான் செய்யும். உங்க மேல என்ன தப்பு?"

"என் மேலதான்யா தப்பு!" என்று கத்திவிட்டேன். இதைக்கூட எனக்குச் சாந்தமாகச் சொல்ல வரவில்லை. "பேடு மாத்தினப்ப நான் காலிப்பரைக் கம்பியில கட்டாம ஓஸுல தொங்கவிட்டேன். மாமா சொன்னாரு. சொன்னாரேன்னுதான் கட்டல. வலது பக்கத்தை மட்டும் கட்டினேன், அந்த ஓஸு நல்லாவே இருக்கு. அப்புறம் ரெண்டு சுத்து சுத்திட்டு, கைதான் காரணம்னு நாலு பேர் முன்னாடி சொன்னேன். அத்தை, உங்க மணிக்கட்டுக்கும் நான்தான் காரணம்."

மேனேஜர் ஃபைலை மூடினான். என் மனைவி என்னைப் பார்த்த பார்வைக்கு இன்னும் கொஞ்ச நாள் பதில் சொல்ல வேண்டியிருக்கும். நான் மாமாவின் வாயைப் பார்த்துக்கொண்டிருந்தேன். 'அன்னைக்கே சொன்னேனே' என்று ஆரம்பிப்பார், ஒரு வருஷத்துக்கு நிறுத்த மாட்டார், வாங்கிக் கட்டிக்கொள்ள வேண்டியதுதான் என்று தயாராக நின்றேன். அவர் அதைச் சொல்லவில்லை.

"அப்போ என் கை நல்லாத்தான் இருந்துச்சா?" என்றார்.

"நல்லா இருந்துச்சு மாமா. அந்தக் கை இல்லேன்னா வண்டி இன்னும் முன்னாடியே மோதியிருக்கும். இத்தனை நாள் அதைப் பிடிச்சு நிறுத்தி ஓட்டியிருக்கீங்க."

அவர் மறுபடி போய் உட்கார்ந்துவிட்டார். அவர் திட்டியிருந்தால்கூட எனக்கு இவ்வளவு வலித்திருக்காது.

அத்தைதான் சாவியை எடுத்துக்கொண்டு வந்து அவர் முன்னால் நீட்டினார்கள். "எந்திரிங்க. ஒரு சுத்துப் போயிட்டு வரலாம்."

"வேணாம். அவரு ஓட்டட்டும்."

"அவரு ஓட்டி எனக்கென்ன ஆகணும்? அவரு தெருவைத்தானே சுத்துவாரு" என்றார்கள் அத்தை. அது என்னைக் குத்தத்தான். வலிக்கவில்லை.

மாமா சாவியை வாங்கிக்கொண்டார். பிறகு என் மனைவியிடம் திரும்பினார். "லைசென்ஸ் எங்கம்மா? அது பையில இல்லாம நான் வண்டியைத் தொட மாட்டேன்."

அவள் உள்ளே ஓடிப்போய் எடுத்து வந்தாள்.

வாசலில் மேனேஜர் பின் கதவைத் திறந்துவிட்டான். "அம்மா, நீங்க பின்னாடி உட்காருங்க. அதான் பாதுகாப்பு." அத்தை அவனைப் பார்த்தார்கள். "நாப்பத்தஞ்சு வருஷமா நான் எங்க உட்காருறேன்னு எனக்குத் தெரியாதாடா?" என்று சொல்லி, கட்டுப் போட்ட கையால் முன் கதவைத் திறந்து, இடது சீட்டில் ஏறினார்கள். நானும் என் மனைவியும் பின்னால் ஏறினோம். மேனேஜர் வாங்குகிறவருக்குப் போன் செய்ய வாசலிலேயே நின்றுவிட்டான்.

மாமா மெதுவாக எடுத்தார். மேம்பாலத்துக்கு வருகிற பெரிய ரோட்டில் ஏறியதும் வண்டி வலப்பக்கம் ஒதுங்கியது. என் மனைவி என் கையை இறுகப் பிடித்தாள். அத்தை டாஷ்போர்டில் கை வைத்தார்கள். எட்டி அவர் கையைப் பார்த்தேன். ஸ்டியரிங்கை வலப்பக்கமாகவே இறுக்கிப் பிடித்திருந்தார். இழுக்காத வண்டியைத் தடுத்துப் பிடித்துக்கொண்டிருந்தார்.

"மாமா, கையை லூசா விடுங்க. இனிமே அது இழுக்காது. நீங்க தாங்க வேண்டியதில்ல."

உடனே அவரால் விட முடியவில்லை. ஒவ்வொரு விரலாகத் தளர்த்தினார். வண்டி மெல்ல நடுவுக்கு வந்து நேராக நின்றது. பிறகு நேராகவே போனது. ஒன்பதாவது கிலோமீட்டர் தாண்டியது, பத்து தாண்டியது. ஒவ்வொரு சிக்னலிலும் பிரேக் அடித்து எடுத்தார். பிசியோதெரபி நிலையம் வரை போய், திரும்பினோம். ஆளில்லாத நேர் ரோடு ஒன்று வந்தபோது மாமா இரண்டு கைகளையும் ஸ்டியரிங்கிலிருந்து எடுத்து ஒரு நொடி தூக்கிப் பிடித்தார். வண்டி வகிடு எடுத்த மாதிரி நேராகப் போனது.

"போதும், கையை வைங்க" என்றார்கள் அத்தை. சிரித்தார்கள்.

வீட்டு வாசலில் ஒரே மூச்சில் ரிவர்ஸ் எடுத்து நிறுத்தினார். இறங்கியதும் நேராக இடது முன் சக்கரத்திடம் போய்ப் புறங்கையை நீட்டிப் பார்த்தார். பிறகு வலது சக்கரம். மறுபடி இடது. அப்புறம் கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு என் முன்னால் வந்து நின்றார்.

"மாப்பிள்ளை."

"சொல்லுங்க மாமா."

"அன்னைக்கே கம்பியில கட்டச் சொன்னேனா இல்லையா?"

"சொன்னீங்க மாமா."

"வலது பக்கத்தை மட்டும் எப்படிக் கட்டினீங்க?"

"நீங்க உள்ள போயிட்டீங்கல்ல. அதான்."

அவர் என்னை மேலும் கீழும் பார்த்தார். "நல்லா இருக்கு மாப்பிள்ளை. இனிமே நான் பக்கத்துல நிக்கக் கூடாதா, நிக்கணுமா, அதை நீங்களே முடிவு பண்ணிச் சொல்லுங்க." அத்தை வாயைப் பொத்திக்கொண்டு உள்ளே போனார்கள். மாமா நிறுத்தவில்லை. ஓஸ் எந்தக் கடையில் வாங்கினீர்கள், அந்தக் கடையில் வாங்கலாமா, ஏர் சரியாக எடுத்தீர்களா, ஒரு ஆளாக எப்படி எடுத்தீர்கள் என்று கேட்டுக்கொண்டே போனார். இத்தனை நாள் பாக்கியும் சேர்ந்து வந்தது. எனக்குக் கண்ணில் தண்ணீர் முட்டிக்கொண்டு நின்றது. வியர்வையைத் துடைப்பதுபோலத் துடைத்துக்கொண்டேன்.

"அதெல்லாம் சரி, சக்கரத்துல நட்டு எல்லாத்தையும் இறுக்கினீங்களா? இந்தப் பக்கம் கீழே இருக்கறது ஒண்ணு எனக்கு என்னமோ சந்தேகமா இருக்கு."

வேறொரு நாளாக இருந்தால் நான் என்ன சொல்லியிருப்பேன் என்று உங்களுக்குத் தெரியும். ஸ்பேனரை எடுத்து வந்து சக்கரத்துக்கு முன்னால் குந்தினேன். மாமா பக்கத்தில் வந்து நின்று குனிந்து பார்த்தார். நட்டு எல்லாம் நன்றாகவே இறுகியிருந்தது. அவர் பார்க்க, ஒவ்வொன்றையும் இன்னொரு தடவை இறுக்கினேன்.